விடுதலை கொடுத்தார்கள், நிலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற அதே நாளில், அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். தாய் சட்டப்படி அனுமதி பெறாதவராகவோ தற்காலிக விசாவில் இருப்பவராகவோ இருந்து, தந்தையும் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற்றவராகவோ இல்லையென்றால், அமெரிக்க மண்ணில் பிறக்கும் அவர்களுடைய குழந்தையைக் குடிமகனாக ஏற்கக் கூடாது என்பது அந்த ஆணையின் சாரம். எச்-1பி விசாவில் போய் டெக்சாஸிலும் நியூஜெர்சியிலும் குடும்பம் நடத்துகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அன்று இரவு தூக்கம் வந்திருக்காது. வழக்குகள் குவிந்தன. கீழமை நீதிமன்றங்கள் ஆணையைத் தடுத்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது.

தடுத்த நீதிபதிகள் கையில் எடுத்தது அரசியல் சட்டத்தின் 14-ஆவது திருத்தத்தை. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்ட எவரும் அதன் குடிமகனே என்று சொல்லும் திருத்தம் அது. 1868-இல் நடைமுறைக்கு வந்தது. அது நம் பிள்ளைகளை நினைத்து எழுதப்பட்டதல்ல. நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்ட மனிதர்களை, கறுப்பர் எவரும் இந்நாட்டின் குடிமகனாக முடியாது என்று 1857-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருந்த மனிதர்களை, ஒரே வரியில் குடிமக்களாக்குவதற்காக எழுதப்பட்டது.

அந்தத் திருத்தம் பிறந்த காலத்தைப் பற்றி நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. நான் பி.ஏ. வரலாறு படித்தபோது பாடநூலில் லிங்கன் சுடப்பட்டதோடு அத்தியாயம் முடிந்துவிடும். நல்லவர் அடிமைகளை விடுவித்தார், கெட்டவன் அவரைச் சுட்டான், அவ்வளவுதான். அதற்குப் பின் வந்த பன்னிரண்டு ஆண்டுகள்தான் உண்மையான பரீட்சை. அந்தப் பரீட்சையில் அமெரிக்கா முதலில் நன்றாகவே எழுதியது. பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டது.

1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறந்தார்கள். ஏறத்தாழ 40 லட்சம் அடிமைகள் விடுதலை பெற்றார்கள். வடக்குப் படையில் சேர்ந்து சண்டையிட்ட கறுப்பின வீரர்கள் மட்டும் சுமார் 1,80,000 பேர். விடுதலையை யாரோ தட்டில் வைத்துக் கொடுத்தார்கள் என்று நினைப்பவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

போர் முடிந்தது. இனி இந்த நாற்பது லட்சம் பேர் எங்கே உறங்குவார்கள், எதைச் சாப்பிடுவார்கள், யாருடைய வயலில் உழுவார்கள்?

இருபது போதகர்களிடம் கேட்ட கேள்வி

1865 ஜனவரி 12 அன்று இந்தக் கேள்வியை ஆட்சியாளர்கள் நேரடியாகவே கேட்டார்கள். ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரம் அப்போதுதான் வடக்குப் படையிடம் வீழ்ந்திருந்தது. தளபதி ஷெர்மனும் போர்த்துறைச் செயலர் ஸ்டாண்டனும் அந்நகரத்துக் கறுப்பினக் கிறித்தவப் போதகர்கள் இருபது பேரை அழைத்து உட்காரவைத்துப் பேசினார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் காரிசன் ஃபிரேசியர் என்ற 67 வயது முதியவர். எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் தனக்கும் தன் மனைவிக்கும் ஆயிரம் டாலர் விலை கொடுத்து விடுதலை வாங்கியிருந்தார்.

ஒரு சமூகத்தின் எதிர்காலம் பற்றி அரசு கேட்கும்போது மார்க்க அறிஞர்கள் என்ன கேட்பார்கள் என்று நாம் ஊகிப்போம்: வழிபாட்டுத் தலம், பண்டிகை விடுமுறை, ஒரு வாரியம். (நம்மவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) ஃபிரேசியர் நிலம் கேட்டார். அடிமைத்தனம் என்றால் ஒருவனுடைய உழைப்பை அவனுடைய சம்மதமின்றிப் பறிப்பது என்று விளக்கிவிட்டு, எங்களுக்கு நிலம் இருந்தால் சொந்த உழைப்பில் எங்களைப் பார்த்துக்கொள்வோம், அரசுக்கும் உதவுவோம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

நான்கே நாளில் ஷெர்மனின் ஆணை வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை உள்ள கடலோரத் தீவுகளும் கைவிடப்பட்ட நெல் வயல்களும் விடுதலை பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ராணுவத்திடம் மிஞ்சிய கோவேறு கழுதைகளும் சிலருக்குக் கிடைத்தன. அந்த ஆண்டு நடுப்பகுதிக்குள் சுமார் நாற்பதாயிரம் பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறிவிட்டார்கள்.

அந்தத் தீவுகளில் ஒன்று சப்பலோ. ஆலிம்களான நாம் அறிந்து வைத்திருக்க வேண்டிய பெயர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஸ்பால்டிங் என்ற தோட்ட முதலாளியின் அடிமையாக அங்கே வந்து சேர்ந்தவர் பிலாலி முஹம்மத். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூத்தா ஜல்லோன் பகுதியில் பிறந்தவர். தொழுதவர், நோன்பு நோற்றவர். அவர் கைப்பட அரபியில் எழுதிய பதின்மூன்று பக்கக் குறிப்பேடு ஒன்று இன்றும் ஜார்ஜியா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நீண்ட காலம் அதை அவருடைய நாட்குறிப்பு என்றே நினைத்தார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தபோதுதான் தெரிந்தது, அது இப்னு அபீ ஸைத் அல்-கைரவானியின் ‘ரிஸாலா’வில் இருந்து நினைவில் நின்ற பகுதிகள்: உளூ, பாங்கு, தொழுகை. நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ, ஹனஃபி கிதாபுகளை ஓதுகிறோம். மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் மேற்கு ஆப்பிரிக்காவில் பிள்ளைகள் ஓதுவது ரிஸாலா. சிறுவயதில் ஓதிய பாடத்தை, கடல் கடந்து, அடிமைத் தோட்டத்தில், ஆசிரியரும் கிதாபும் இல்லாமல் எழுதிப் பார்த்திருக்கிறார் அந்த மனிதர். போருக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். அவருடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறைதான் ஷெர்மனின் ஆணையைக் கண்டது.

சப்பலோ அடங்கிய மெக்கின்டோஷ் கவுண்டியின் கதையைப் பின்தொடர்ந்தாலே அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளையும் புரிந்துகொள்ளலாம். அங்கே துனிஸ் கேம்பல் என்றொரு கறுப்பினப் போதகர் வந்தார். வடக்கே நியூஜெர்சியில் பிறந்தவர், அடிமையாக இருந்ததில்லை. விடுதலை பெற்றோர் நல அலுவலகம் என்று 1865-இல் அமைக்கப்பட்ட அரசுத் துறையின் சார்பில் ஜார்ஜியாவின் தீவுகளுக்குப் பொறுப்பாளராக வந்தார். செயின்ட் கேத்தரின்ஸ் தீவில் நிலத்தைப் பங்கிட்டார், பள்ளி திறந்தார், மக்களே தேர்ந்தெடுத்த ஆட்சிக்குழுவை அமைத்தார், காவல் படை வைத்தார். சப்பலோவிலும் பள்ளி வந்தது.

மன்னிப்பு யாருக்கு, இழப்பு யாருக்கு

1865 ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மே மாதமே கிளர்ச்சி செய்த தென்னவர்களுக்குப் பொது மன்னிப்பு அறிவித்தார். அதில் அடிமைகள் தவிர மற்ற சொத்துகள் திரும்பக் கிடைக்கும் என்றும் இருந்தது. பெரிய தோட்ட முதலாளிகள் தனியாக மனுப் போட வேண்டும். போட்டார்கள், கிடைத்தது. மன்னிப்புச் சீட்டோடு வந்தவர், தன் பழைய வயலில் தன் பழைய அடிமை நெல் விதைத்திருப்பதைப் பார்த்தார். நிலம் யாருக்கு? ஜான்சனின் தீர்ப்பு பழைய முதலாளிக்குத்தான்.

அக்டோபரில் நல அலுவலகத்தின் தலைவர் தளபதி ஹோவர்ட், எடிஸ்டோ தீவுக்கு நேரில் போய்த் தேவாலயத்தில் கூடிய மக்களிடம் இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல மனிதர் அவர். பின்னாளில் கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த ஹோவர்ட் பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. ஆனால் அன்று அவர் கொண்டுபோனது, நிலத்தை விட்டுவிட்டுப் பழைய முதலாளியிடம் கூலிக்கு ஒப்பந்தம் போடுங்கள் என்ற உத்தரவு. அந்த மக்கள் எழுதிக் கொடுத்த மனு இன்றும் இருக்கிறது. எங்களைச் சாட்டையால் அடித்தவனை மன்னிக்கச் சொல்கிறீர்கள், அவனோ எங்களிடமிருந்து நிலத்தையும் எடுத்துக்கொண்டான், எப்படி மன்னிப்போம் என்பது அதன் உள்ளடக்கம்.

என் பார்வையில் அந்தக் காலம் முழுவதையும் இந்த ஒரு மனு விளக்கிவிடுகிறது. உள்நாட்டுப் போர் முடிந்த நாடுகளில் எல்லாம் ‘நல்லிணக்கம்’ என்ற சொல் உடனே வந்துவிடும். இன்று சிரியாவைப் பற்றிப் பேசினாலும் அந்தச் சொல்தான், நாளை சூடானில் துப்பாக்கி ஓய்ந்தாலும் அதுதான் வரும். யாருக்கும் யாருக்கும் இடையே நல்லிணக்கம் என்று கேட்க வேண்டும். அமெரிக்காவில் அது வடக்கு வெள்ளையருக்கும் தெற்கு வெள்ளையருக்கும் இடையில் நடந்தது. அதற்கான செலவு மூன்றாவது ஒரு தரப்பின் கணக்கில் எழுதப்பட்டது.

நட்ட ஈடு யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்தாலும் இதுதான். போர் நடந்துகொண்டிருந்த 1862-இல் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது ஓர் அடிமைக்கு 300 டாலர் வரை இழப்பீடு தந்தார்கள். வாங்கியவர் எஜமானர். தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி உழைத்தவருக்கு அச்சட்டத்தில் இருந்த ஒரே தொகை, அமெரிக்காவை விட்டே வெளியேறச் சம்மதித்தால் 100 டாலர் வரை!

நிலம் போன பிறகு தென் மாநிலங்கள் தங்களுக்கென ‘கறுப்பர் சட்டங்கள்’ இயற்றிக்கொண்டன. மிசிசிப்பியில் ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு கறுப்பரும் தனக்கு வேலை இருப்பதற்கு எழுத்துச் சான்று வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர்சுற்றி என்று பிடித்து அபராதம். கட்ட முடியாதவரை அபராதத்தைக் கட்டுகிற வெள்ளையரிடம் வேலைக்கு விட்டார்கள். அடிமைமுறையை ஒழித்த 13-ஆவது திருத்தத்திலேயே ‘குற்றத்துக்குத் தண்டனையாகத் தவிர’ என்றொரு விதிவிலக்கு இருக்கிறது. அந்த வாசல் வழியாகப் பழைய முறை திரும்ப நுழைந்தது. கைதிகளை அரசே தோட்டங்களுக்கும் ரயில் பாதை போடுபவர்களுக்கும் சுரங்கங்களுக்கும் வாடகைக்கு விட்டது. சிறைக்குப் போகாதவர் வாரத்துக்கு உழுதார். விதையும் உணவும் முதலாளியின் கடையில் கடன், அறுவடையில் கடன் தீராது, அடுத்த ஆண்டும் அதே வயல். நம் டெல்டா மாவட்டங்களின் பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அமெரிக்க நாடாளுமன்றம் இதைப் பார்த்துச் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1867-இல் ஜான்சனின் மறுப்பையும் மீறிச் சட்டம் இயற்றி, பத்துத் தென் மாநிலங்களை ஐந்து ராணுவ மாவட்டங்களாக்கி, கறுப்பின ஆண்களுக்கும் வாக்குரிமை கொடுத்துப் புதிய மாநில அரசியல் சட்டங்களை எழுத வைத்தது. 14-ஆவது திருத்தமும், நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற 1870-ஆம் ஆண்டின் 15-ஆவது திருத்தமும் அப்போது வந்தவை. விளைவு உலகில் அதுவரை யாரும் பார்க்காதது. தென் கரோலினாவின் கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. 1870-இல் ஹைரம் ரெவல்ஸ் செனட்டிலும் ஜோசப் ரெய்னி பிரதிநிதிகள் சபையிலும் அமர்ந்தார்கள். போரின்போது எதிரியின் கப்பலையே ஓட்டிக்கொண்டு தப்பிவந்த அடிமை ராபர்ட் ஸ்மால்ஸ், போஃபோர்ட் நகரில் தன் பழைய எஜமானின் வீட்டையே விலைக்கு வாங்கினார், பிறகு நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். தெற்கில் பொதுப் பள்ளிக்கூடங்கள் பரவலாக வந்தது இந்த ஆட்சிகளால்தான். ஏழை வெள்ளையரின் பிள்ளைகளும் அதில்தான் எழுத்துப் படித்தார்கள். அவர்களுடைய பேரர்கள் அதை மறந்துவிட்டது வேறு விஷயம்.

துனிஸ் கேம்பல் 1868-இல் ஜார்ஜியா மாநில செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே செப்டம்பரில் வெள்ளை உறுப்பினர்கள் ஒன்றுகூடி, வாக்களிக்க உங்களுக்கு உரிமை இருக்கலாம், பதவி வகிக்க உரிமை இருப்பதாகச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கறுப்பின உறுப்பினர்களை அவையை விட்டே வெளியேற்றினார்கள். வாஷிங்டன் தலையிட்டு மீண்டும் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்த பிறகு 1870-இல்தான் அவர்கள் திரும்ப உட்கார முடிந்தது.

ராணுவம் இருந்தவரைதான் சட்டம் இருந்தது. 1871-இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் தென் கரோலினாவின் ஒன்பது கவுண்டிகளில் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்து, கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலை நூற்றுக்கணக்கில் கைது செய்தார். சில மாதங்களில் அந்த அமைப்பு முறிந்தது. மக்களின் மனம் மாறாமல் வன்முறையை நிறுத்த முடியாது என்பவர்களுக்கு இது நல்ல பதில். மனம் மாறவில்லை, கும்பல் நின்றது. அரசுக்கு விருப்பம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த விருப்பம்தான் நீடிக்கவில்லை. 1873-இல் வங்கிகள் சரிந்து பொருளாதாரம் படுத்தது. வடக்கில் வேலையின்மை. எத்தனை காலம்தான் தெற்கைக் கட்டிக்கொண்டு அழுவது என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்தன. மறு ஆண்டு, விடுதலை பெற்றவர்களின் சேமிப்புக்காகவே தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கி மூடப்பட்டது. சுமார் 61,000 பேரின் முப்பது லட்சம் டாலர் அதில் சிக்கியது. நிலமும் இல்லை, இப்போது சேர்த்த காசும் இல்லை.

அதே 1873 ஏப்ரலில், ஈஸ்டர் ஞாயிறன்று, லூசியானாவின் கோல்ஃபாக்ஸில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பினத்தவரை ஆயுதமேந்திய வெள்ளையர் கொன்று குவித்தார்கள். பலர் சரணடைந்த பிறகு சுடப்பட்டவர்கள். குறைந்த மதிப்பீடே அறுபதுக்கு மேல், கூடுதல் மதிப்பீடு நூற்றைம்பது. தண்டிக்கப்பட்ட மூன்று பேரின் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, 14-ஆவது திருத்தம் மாநில அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், தனியாட்களை அல்ல என்று 1876-இல் தீர்ப்பு வந்தது. குற்றவாளிகள் வெளியே வந்தார்கள். இன்று குழந்தைகளின் குடியுரிமையைக் காக்கும் அதே திருத்தம்தான், அன்று கொலையுண்டவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தது.

நம் நாட்டோடு ஒரு தொடர்பு. மகாத்மா ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு நன்றியோடு சமர்ப்பித்து வெளியிட்டது இதே 1873-இல்தான். புனேயில் இருந்தவர்க்கு விடுதலைச் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது.

1876 அதிபர் தேர்தலில் மூன்று தென் மாநிலங்களின் முடிவு சர்ச்சையானது. பேரம் நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வடக்கின் ஹேய்ஸ் அதிபரானார். 1877 ஏப்ரலில் தெற்கின் மாநிலத் தலைமைச் செயலகங்களைக் காத்து நின்ற படைகள் முகாமுக்குத் திரும்பின. கேம்பலின் கதை அதற்கு முன்பே முடிந்திருந்தது. அமைதி நீதிபதியாக இருந்தபோது ஒரு வெள்ளையரை முறையின்றிக் காவலில் வைத்தார் என்ற குற்றச்சாட்டில் 1876-இல், 63 வயதில், அவரைக் கைதியாகத் தோட்ட வேலைக்கு வாடகைக்கு விட்டார்கள்.

பிறகு நடந்ததை வேகமாகவே சொல்லிவிடலாம். வரி கட்டினால்தான் வாக்கு, படித்துக் காட்டினால்தான் வாக்கு என்று மாநிலங்கள் சட்டம் போட்டன. எங்கும் நிறம் என்ற சொல் இருக்காது. லூசியானாவில் 1896-இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-இல் 1,342. ரயிலிலும் பள்ளியிலும் பிரித்து வைப்பது சட்டப்படி சரி என்று 1896-இல் உச்ச நீதிமன்றமும் முத்திரை குத்தியது. 15-ஆவது திருத்தத்துக்கு உயிர் கொடுக்க 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதியையும் 2013-இல் உச்ச நீதிமன்றம் செயலிழக்கச் செய்தது.

1913 ஜூலையில் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஐம்பதாம் ஆண்டு நினைவாக இரு தரப்பின் முதிய வீரர்களும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். தாடி நரைத்த பழைய எதிரிகள் கைகுலுக்கிய படங்கள் உலகெங்கும் போயின. அதிபர் வுட்ரோ வில்சன் வந்து பேசினார். எதற்காகப் போர் நடந்தது என்பதை அவருடைய உரை தொடவில்லை. அதே ஆண்டில்தான் அவருடைய அரசு மத்திய அலுவலகங்களில் கறுப்பின ஊழியர்களைத் தனியே பிரித்து உட்காரவைத்தது.

மீண்டும் சப்பலோ

ஷெர்மனின் நிலம் பறிபோன பிறகும் சப்பலோ மக்கள் தீவை விட்டுப் போகவில்லை. 1871-இல் சிலர் கூட்டாகச் சேர்ந்து ராக்கூன் பிளஃப் என்ற இடத்தில் நிலத்தை விலைக்கே வாங்கினார்கள். அரசு கொடுத்துப் பறித்த பொருளைக் காசு கொடுத்து மீட்டார்கள். அறுபது ஆண்டு கழித்து ஆர்.ஜே. ரேனால்ட்ஸ் என்ற புகையிலைக் கோடீஸ்வரர் தீவின் பெரும்பகுதியை வாங்கினார். சிதறிக் கிடந்த குடியிருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஹாக் ஹம்மக் என்ற ஒரே இடத்துக்கு நகர்த்தினார். மீதி இன்று மாநில அரசிடம்.

பிலாலியின் சந்ததியினர் இன்று கிறித்தவர்கள். ஆனாலும் 1930-களில் ஆய்வாளர்கள் போய்க் கேட்டபோது, சூரியன் உதிக்கும் நேரத்தில் விரிப்பில் முழந்தாளிட்டு, தஸ்பீஹ் மணியோடு தொழுத முன்னோர்களைப் பற்றித் தீவின் முதியவர்கள் சொல்லிப் பதிவாகியிருக்கிறது.

ஹாக் ஹம்மக்கில் இப்போது நிரந்தரமாக வசிப்போர் சில பத்துப் பேர்தான். படகில் மட்டுமே போக முடியும். பலருடைய நிலம் உயில் எழுதாமல், பாகம் பிரிக்காமல், தலைமுறைகளாக எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகக் கிடக்கிறது. ஃபராயிள் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிக் கிடக்கும் சொத்தைவிட எளிதில் பறிபோகக் கூடியது வேறில்லை. கடலோர ஜார்ஜியாவிலும் நடப்பது அதுதான். எங்கோ நியூயார்க்கில் இருக்கும் ஒரு வாரிசு தன் பங்கை வெளியாள் ஒருவரிடம் விற்பார். வாங்கியவர் நீதிமன்றம் போய் முழுச் சொத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார்.

2023 செப்டம்பரில் மெக்கின்டோஷ் கவுண்டியின் ஆட்சிக்குழு, அதுவரை ஹாக் ஹம்மக்கில் 1,400 சதுர அடிக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்றிருந்த விதியை மாற்றி 3,000 சதுர அடி வரை அனுமதித்தது. பெரிய வீடு வந்தால் நில மதிப்பு ஏறும், சொத்து வரி ஏறும், ஓய்வூதியத்தில் வாழும் முதியவர் வரி கட்ட முடியாமல் விற்பார் என்பது தீவு மக்களின் அச்சம். நீதிமன்றம் போனார்கள். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, இதை வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை இல்லை என்று கவுண்டி வாதாடியது. உரிமை உண்டு என்று 2025 செப்டம்பரில் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. துனிஸ் கேம்பலை வெளியேற்றிய அதே மாநிலம், அவரைக் கைதியாக்கிய அதே கவுண்டி. இம்முறை அந்த மக்களின் கையில் வாக்கும் இருக்கிறது, 1871-இல் வாங்கத் தொடங்கிய நிலத்தில் கொஞ்சமும் மிச்சம் இருக்கிறது.